ஓராண்டு அனுமதியும் ஒரு வயலினும்

அமெரிக்காவுக்குக் கணினி அறிவியல் படிக்க வருகிறவருக்கும் வயலின் படிக்க வருகிறவருக்கும் விசா ஒன்றுதான். இருவரும் எஃப்-1 மாணவர்கள். இருவருக்கும் தூதரகத்தில் அதே கேள்விகள், கையில் கல்லூரி தந்த அதே ஐ-20 சேர்க்கைப் படிவம். பட்டம் வாங்கிய பிறகுதான் பாதை பிரிகிறது. ஓபிடி எனப்படும் தற்காலிக வேலை அனுமதி எல்லோருக்கும் 12 மாதம். அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் படித்தவர்கள் அதை மேலும் 24 மாதம் நீட்டித்துக்கொள்ளலாம். இசை, நடனம், நாடகம் படித்தவர்களுக்கு அந்த நீட்டிப்பு கிடையாது. என் அறைத்தோழி தரவு அறிவியல் படித்தவள். மூன்று ஆண்டுக்குள் ஏதாவது ஒரு கம்பெனி தன் பெயரை எச்-1பி வேலை விசாவுக்கான குலுக்கலில் போட்டுவிடும் என்ற தெம்பில் இருந்தாள். பாஸ்டனில் வயலின் வாசிப்பில் முதுகலை முடித்து 2024 மே மாதம் வெளியே வந்த எனக்கு இருந்தது ஒரே ஒரு கச்சேரி சீசன்.

அந்த ஒரு சீசனைக்கூட முழுதாகப் பெறுவதற்குத் தேதிக் கணக்கு பார்க்க வேண்டும். படிப்பு முடிவதற்கு 90 நாட்களுக்கு முன்பிருந்து, முடிந்த பின் 60 நாட்கள் வரை ஐ-765 விண்ணப்பத்தைக் கொடுக்கலாம். அந்த ஆண்டு இணையவழிக் கட்டணம் 470 டாலர். அனுமதி எந்த நாளில் தொடங்க வேண்டும் என்பதை, படிப்பு முடிந்த 60 நாட்களுக்குள் ஒரு நாளாக, நாமே குறிப்பிடலாம். தொடங்கிய நாளிலிருந்து வேலையில்லாத நாட்கள் மொத்தம் 90-ஐத் தாண்டக் கூடாது. சனியும் ஞாயிறும் அதில் சேர்த்தி. அமெரிக்க ஆர்கெஸ்ட்ராக்களின் ஆண்டோ செப்டம்பர் பிற்பாதியில் தொடங்கி மே மாதத்தில் முடிகிறது. பட்டமளிப்பு முடிந்த கையோடு அனுமதியைத் தொடங்கிவிட்ட ஒரு வாத்தியக் கலைஞர், அரங்குகள் பூட்டிக் கிடக்கும் கோடையிலேயே தம் 90 நாளையும் தின்று தீர்த்துவிட முடியும். நான் ஜூலைத் தொடக்கத்தைக் கேட்டு வாங்கினேன். கோடையின் பின்பகுதி கைக்குக் கிடைத்தது, அடுத்த மே வரையிலான சீசனும் முழுதாக உள்ளே அடங்கியது. ஈஏடி எனப்படும் வேலை அனுமதி அட்டை தபாலில் வந்து, அதில் அச்சிட்டிருக்கும் நாளும் வந்த பிறகே முதல் சம்பளத்துக்கு வாசிக்க முடியும் என்பதால், ஜூனில் கல்யாணங்களில் வாசிக்க வந்த வாய்ப்புகளை இன்னொருவருக்குத் தள்ளிவிட நேர்ந்தது.

இசைக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித்தரும் வழி ஆடிஷன்தான். தொழிற்சங்கத்தின் மாத இதழில் காலியிட விளம்பரம் வரும். பட்டியலிட்ட பகுதிகளை மாதக்கணக்கில் சாதகம் செய்ய வேண்டும். வயலினுக்கு ஏறத்தாழ எல்லா ஊரிலும் அதே பட்டியல்: மோட்சார்ட் கான்செர்ட்டோவின் முதல் பகுதி, ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் 'டான் ஜுவான்' தொடக்கம், ஷூமன் இரண்டாம் சிம்பொனியின் ஸ்கெர்ட்சோ. மேடையில் திரைக்குப் பின்னால் நின்று சில நிமிடங்கள் வாசிக்க வேண்டும். நடுவர்களுக்கு நம் முகமும் தெரியாது, பெயரும் தெரியாது. வாசிக்கிறவரின் நிறமும் பாலினமும் காதில் விழாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது, நான் மிகவும் மதிப்பது. ஆனால் திரை நம் விசாவை மறைப்பதில்லை. வென்றால் கிடைப்பது பெரும்பாலும் அடுத்த சீசனில் தொடங்கும் இடம். அதன் பின் சோதனைக் காலம் ஓர் ஆண்டோ இரண்டோ. அதற்குள் நம் அட்டை காலாவதியாகிவிடும். விமானச் செலவும் விடுதிச் செலவும் நம்முடையவை, போட்டிக்கு வருகிறவர்களோ ஓரிடத்துக்கு நூற்றுக்கு மேல் இருக்கக்கூடும். 12 மாத அனுமதி வைத்திருக்கும் ஒருவர் தம் ஆண்டை ஆடிஷனில் கொட்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பேராசிரியர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை. அவர்களில் பலர் ஆடிஷனில் வென்று வந்தவர்கள்.

அந்த ஆண்டைத் தாங்கியவை பதிலி வேலைகள். பாஸ்டனைச் சுற்றிய வடகிழக்கு மாநிலங்களான நியூ இங்கிலாந்தில் முழுநேரச் சம்பளம் தரும் ஆர்கெஸ்ட்ரா மிகச் சில. உஸ்டர், பிராவிடன்ஸ், போர்ட்லண்ட் என்று ஊருக்கு ஒன்றாக இருப்பவற்றில் பெரும்பாலானவை ஒத்திகைக்கு இவ்வளவு, நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று தனித்தனியாகக் கொடுப்பவை. இந்தத் தனித்தனி அமர்வுக்கு இங்கே சர்வீஸ் என்று பெயர். பெரும்பாலும் இரண்டரை மணி நேரம். நிரந்தர உறுப்பினருக்குக் காய்ச்சல், பிரசவம், வேறு ஊரில் வேறு வேலை என்று வரும்போது, ஆள் சேர்க்கும் மேலாளர் தம் பட்டியலில் மேலிருந்து கீழாக அழைத்துக்கொண்டே வருவார். செய்தி தந்திபோல இருக்கும்: டிசம்பர் முதல் வாரம், நான்கு ஒத்திகை, இரண்டு நிகழ்ச்சி, முழுக் கறுப்பு உடை, ஸ்டாண்டு கொண்டு வரவும், முடியுமா. பத்து நிமிடத்தில் பதில் போகாவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடும். அந்தப் பட்டியலில் ஏறுவதற்குத் திரை எதுவும் இல்லை. பக்கத்து நாற்காலியில் வாசித்த ஒருவர் 'அந்தப் பெண்ணைக் கூப்பிடுங்கள், நேரத்துக்கு வருவாள், வில் திசை மாறாமல் வாசிப்பாள்' என்று சொன்னால் போதும். வேலை தேடுவது என்பது எனக்கு மனுப் போடும் காரியமாக இருக்கவில்லை. ஒருமுறை கூப்பிட்டவர் மறுமுறையும் கூப்பிடுகிறாரா என்பதே அளவுகோலாக இருந்தது.

இப்படித் துண்டு துண்டாகப் பிழைப்பதைக் குடியேற்றச் சட்டம் ஏற்குமா என்ற பயம் எல்லாக் கலை மாணவர்களுக்கும் உண்டு. ஏற்கிறது. இசைக்கலைஞர்களும் பிற நிகழ்த்துகலைஞர்களும் குறுகிய காலத்துக்குப் பல முதலாளிகளிடம் வேலை செய்யலாம் என்று ஓபிடி வழிகாட்டுதலே சொல்கிறது. நிகழ்ச்சிகளின் பட்டியலை, தேதியுடனும் கால அளவுடனும், வைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. வாரத்துக்கு 20 மணி நேரம் என்ற கீழ்வரம்பும், வேலை படித்த துறையோடு நேரடியாகத் தொடர்புடையதாக இருக்க வேண்டும் என்ற விதியும் மற்றவர்களைப் போலவே நமக்கும் உண்டு. நான்கு ஒத்திகையும் இரண்டு நிகழ்ச்சியும் உள்ள நல்ல வாரத்திலேயே 15 மணி நேரம்தான் தேறும். மீதிக்காகச் சமூக இசைப்பள்ளி ஒன்றில் மாலை நேர வயலின் வகுப்புகளை எடுத்துக்கொண்டேன்; குழந்தைகள் 'ட்விங்கிள் ட்விங்கிள்' வாசிக்கும் அந்த மாலைகள்தாம் ஆர்கெஸ்ட்ரா அழைக்காத வாரங்களிலும் என் கணக்கு பூஜ்யத்துக்கு இறங்காமல் பார்த்துக்கொண்டன.

பட்டியலை ஒரு விரிதாளில் எழுதினேன். தேதி, குழு, அரங்கு, ஒத்திகை நேரம், நிகழ்ச்சி நேரம், அழைத்தவர், பணம் வந்த விதம். கடைசிப் பத்தியில் இந்த வேலைக்கும் என் பட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று ஒரு வாக்கியம். வீட்டில் செய்கிற சாதகத்தை நான் எந்த வரிசையிலும் சேர்க்கவில்லை. பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு ஒவ்வொரு மாற்றத்தையும் பத்து நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும், முகவரி மாற்றம் உட்பட. வாடகைக்காக வீடு மாறிக்கொண்டே இருக்கும் இசைக்கலைஞர்கள் இந்த முகவரி விஷயத்தில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள்.

என் தமிழ் நண்பர்கள் யாரும் எதிர்பாராத வரும்படி அரங்கேற்றங்களிலிருந்து வந்தது. பரதம் பயிலும் அமெரிக்கத் தமிழ்ப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும் முன், பள்ளி விடுமுறையில் அரங்கேறுவது வழக்கம். ஆகையால் ஆர்கெஸ்ட்ராக்கள் தூங்கும் ஜூலையிலும் ஆகஸ்டிலும் நியூஜெர்சியிலிருந்து பாஸ்டன் புறநகர் வரை வார இறுதி தோறும் ஏதாவது ஒரு பள்ளி அரங்கில் புஷ்பாஞ்சலி தொடங்கிக்கொண்டிருக்கும். பாட்டு, மிருதங்கம், வயலின், குழல் என்று முழுக் குழுவையும் சென்னையிலிருந்தே வரவழைக்கிற குடும்பங்கள் உண்டு. மரபுக்கலை நிகழ்த்துவோருக்கான பி-3 விசாவும் விமானச் சீட்டும் சேர்ந்தால் செலவு கையைக் கடிக்கும். வயலினையாவது உள்ளூரில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிற இடத்தில் எனக்கு வழி திறந்தது. நான் சிறுவயதில் மயிலாப்பூரில் கர்நாடக வயலின் கற்றவள், மேற்கத்திய முறை அதற்குப் பின் வந்தது. முதல் அழைப்பில் மிருதங்கக்காரர் கேட்டது என் பட்டத்தையோ கல்லூரியையோ அல்ல, சுருதியை. 'ஏம்மா, அஞ்சரைக் கட்டைக்கு வாசிச்சுடுவியா?' என்றார். 'வாசிச்சுடுவேன் அண்ணா, அதுக்கு வேற வயலின் வச்சிருக்கேன்' என்றேன்.

அது உண்மை. ஆர்கெஸ்ட்ராவுக்கான வயலினின் தந்திகளை ஸ-ப-ஸ-ப என்று மாற்றிச் சேர்த்து, மறுநாள் திரும்பப் பழையபடி சேர்த்தால் தந்தியும் நிற்காது, தந்திகளைத் தாங்கும் குதிரையும் சாயும். ஆகவே இரண்டு வாத்தியங்கள். ஒன்று தாடைக்கும் தோளுக்கும் இடையில், நின்றோ நாற்காலியிலோ. மற்றது சப்பணமிட்ட காலில் வாத்தியத்தின் தலையை ஊன்றி. வெள்ளி, சனிக்கிழமைகளில் ஆசிரியர் வீட்டு அடித்தளத்தில் ஒத்திகை நடக்கும். ஒரு பக்கம் சலவை இயந்திரம், நடுவில் சலங்கை, எதிரே சட்டகத்தில் நடராஜர். வர்ணத்தில் அந்தப் பெண் ஓர் அபிநயத்தில் கூடுதலாக நிற்கிறாள் என்றால் பாடகி அதே வரியை இன்னொரு முறை சுற்றுவார். நட்டுவாங்கம் செய்யும் ஆசிரியரின் தாளக்கட்டையைவிட அவருடைய புருவத்தைப் பார்த்து வாசிப்பதே பத்திரம். அச்சிட்ட தாளைப் பார்த்து வாசித்தே இரண்டு ஆண்டு கழித்த எனக்கு, இந்தக் கண்பார்வைச் சங்கதி மறந்துபோகாமல் இருந்தது ஆறுதல். விரிதாளின் கடைசிப் பத்தியில் 'வயலின் கலைஞராக நேரடி நிகழ்ச்சி' என்றே எழுதினேன்; என் பட்டம் வயலின் வாசிப்பில்தான், ராகத்தில் வாசித்தாலும் அது வயலின்தான் என்று மாணவர் அலுவலகமும் ஏற்றுக்கொண்டது.

படிக்கும் காலத்தில் இதே அழைப்புகள் தர்மசங்கடமாக இருந்தன. எஃப்-1 மாணவர், பாடத்திட்டத்தோடு பிணைந்த தனி அனுமதி இல்லாமல், வளாகத்துக்கு வெளியே கைநீட்டிக் காசு வாங்கக் கூடாது. பொங்கல் விழாவில் வாசித்தால் மேடையில் சால்வை போர்த்திவிட்டு, இறங்கும்போது ஒரு கவரைத் திணிப்பார்கள். 'வச்சுக்கோம்மா, பெட்ரோலுக்கு ஆச்சு' என்கிற மாமாவிடம், சாம்பார் வரிசையில் நின்றபடி குடியேற்றச் சட்டம் பேசிக் கவரைத் திருப்பிக் கொடுப்பது சுலபமில்லை. அவர் கோபித்துக்கொண்டார். அட்டை வந்த பின் அவரே கூப்பிட்டார், காசோலையாகக் கொடுத்தார்.

தேவாலயங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம்: ஈஸ்டர், கிறிஸ்துமஸ் இரண்டுக்கும் நல்ல சம்பளம், ஒரே ஒத்திகை. டிசம்பரில் ஊரெங்கும் ஹேண்டலின் 'மெசையா' என்ற கோரஸ் படைப்பு. பாஸ்டனில் 1815-இல் தொடங்கிய ஹேண்டல் அண்ட் ஹைடன் சொசைட்டி 1854 முதல் ஆண்டுதோறும் அதை வாசித்துவருகிறது. அவர்களைப் பார்த்து ஒவ்வொரு சிற்றூர்க் கோரஸும் ஒரு மெசையா போடுகிறது, ஒவ்வொன்றுக்கும் வயலின் வேண்டும். சென்னையில் மார்கழி சீசன் நடக்கும் அதே நாட்களில் இங்கும் கலைஞர்களுக்கு அதுதான் அறுவடை. ஊருக்குப் போய் வரலாம் என்ற ஆசையை அந்த ஆண்டு ஒத்திவைத்தேன். ஓபிடியில் வெளிநாடு போய்த் திரும்புகிறவர் கையில் செல்லுபடியாகும் விசா முத்திரையும், ஆறு மாதத்துக்குள் வாங்கிய ஐ-20 கையெழுத்தும், வேலைக்கான சான்றும் இருக்க வேண்டும். ஒரே கம்பெனியின் கடிதத்துக்குப் பதிலாகப் பல குழுக்களின் மின்னஞ்சல்களை விமான நிலைய அதிகாரியின் முன் விரித்துக் காட்ட எனக்குத் துணிவில்லை.

வரி விஷயம் சலிப்பூட்டுவது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். நிகழ்ச்சி முடிந்ததும் பலர் டபிள்யூ-9 படிவத்தை நீட்டுவார்கள். அதில் கையெழுத்திடுகிறவர் தம்மை வரிச் சட்டப்படி அமெரிக்க நபர் என்று உறுதிமொழி தருகிறார். முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளில் இருக்கும் எஃப்-1 மாணவர் பொதுவாக அப்படி இல்லை. நாம் தாக்கல் செய்வது வெளிநாட்டவருக்கான 1040-என்ஆர் வரிப் படிவம். இந்தியாவிலிருந்து வந்த மாணவர்கள் இரு நாட்டு வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவின்படி நிலையான கழிவைக் கோரலாம். சம்பளச் சீட்டில் சமூகப் பாதுகாப்பு வரியைப் பிடித்திருந்தால் திருப்பிக் கேட்க வேண்டும்.

இனி வருவது ஓ-1பி. நிகழ்த்துகலைஞருக்கு எச்-1பி அநேகமாக எட்டாக்கனி. கலையில் தனிச்சிறப்பு உடையவருக்கான இந்த விசாதான் நடைமுறை வழி. நாமே மனுப் போட முடியாது, ஓர் அமெரிக்க முதலாளியோ முகவரோ போட வேண்டும். எங்கள் துறையின் தொழிற்சங்கத்திடமிருந்து கருத்துக் கடிதம் வேண்டும். வரப்போகும் நிகழ்ச்சிகளின் நிரல் வேண்டும். பெரிய விருது இல்லாதவர் ஆறு வகைச் சான்றுகளில் மூன்றையாவது காட்ட வேண்டும். அந்த ஆறில் முதன்மைப் பாத்திரம், பத்திரிகை விமர்சனம் போன்றவை இருக்கின்றன. இரண்டாம் வயலின் வரிசையின் கடைசி நாற்காலியில் பதிலியாக வாசித்தது இல்லை. கடைசி நேரத்தில் வந்த பதிலியின் பெயர் நிகழ்ச்சித் தாளில்கூடப் பல சமயம் அச்சாவதில்லை, ஏனெனில் தாள் முந்தைய வாரமே அச்சகத்துக்குப் போய்விடும். ஓபிடியை உயிரோடு வைத்திருக்கும் வேலைகள் ஓ-1பி கோப்பில் ஒரு பக்கத்தைக்கூட நிரப்புவதில்லை என்பதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. இலையுதிர்காலத்திலேயே இது புரிந்ததால், உடன் படித்த செல்லோ கலைஞரோடு இணைந்து இருவர் நிகழ்ச்சி ஒன்றைத் தயாரித்தோம். நூலக அரங்குகளிலும் சிறு தேவாலயங்களிலும் வாசித்தோம். சில மாலைகளில் கைக்கு வந்தது ரயில் கட்டணம் மட்டுமே. ஆனால் அந்தத் தாள்களில் என் பெயர் மேலே இருக்கிறது, உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று விமர்சனமும் எழுதியது.

இதை 2025-இல் எழுதும்போது அனுமதியில் இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. அது முடிந்தபின் கிடைக்கும் 60 நாள் அவகாசத்தில் இங்கே தங்கலாம், வேலை செய்யக் கூடாது. மனுப் போடும் முகவர் அடுத்த சீசனுக்கான ஒப்புதல் கடிதங்களைக் கேட்டிருக்கிறார்: குழுவின் பெயர் அச்சிட்ட தாளில், தேதி, அரங்கு, சன்மானம் மூன்றும் குறிப்பிட்டு. முதலில் அனுப்பியவர் நியூஜெர்சி நடன ஆசிரியர். அடுத்த ஆண்டுக் கோடை அரங்கேற்றங்களுக்கு அரங்குகளையே இப்போதே பதிவு செய்துவிட்டாராம். ஆர்கெஸ்ட்ராக்களோ, தங்கள் உறுப்பினர்களில் யார் விடுப்பு எடுப்பார்கள் என்று தெரிந்த பிறகே பதிலிகளுக்கு எழுதித் தர முடியும் என்கின்றன.