ஆ-வா, ஈ-யா? நெட் உளவியலில் நான் கோட்டைவிட்ட பகுதி

கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் (NET) தேர்வில் உளவியல் பாடத்துக்கு முதல் முறை படித்தபோது நான் பெயரையும் வருஷத்தையும்தான் உருப்போட்டேன். டோல்மன், மனவரைபடம் (இடத்தின் அமைப்பை மனதில் வைத்திருப்பது), 1948. ஓகீஃப், பிளேஸ் செல் (ஒரு குறிப்பிட்ட இடத்தில் இருக்கும்போது இயங்கும் மூளைச் செல்), 1971. மோசர் தம்பதி, கிரிட் செல் (இடத்தை அறுகோண வலைபோலக் குறிக்கும் மூளைச் செல்), 2005. ஓகீஃபுக்கும் மோசர் தம்பதிக்கும் 2014இல் நோபல். ஆனால் கூற்று-காரணம் கேள்வி வந்தால் கை நின்றுவிடும், ஏனென்றால் இடத்தைக் குறிக்கும் செல்லுக்கும் ‘இதைவிட அது பெரிது’ என்று யோசிப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டுப் பார்த்ததே இல்லை.

1997இல் டுசெக்கும் ஐக்கன்பாமும் எலிகளை வைத்துச் செய்த சோதனையை நோட்டில் வரைந்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. நீங்களும் வரையுங்கள். ஐந்து வாசனைகள்: அ, ஆ, இ, ஈ, உ. அ-வும் ஆ-வும் இருந்தால் தீனி அ-வில், ஆ-வும் இ-யும் இருந்தால் ஆ-வில், இப்படியே ஈ, உ வரை. அப்புறம், சேர்த்துப் பார்த்தே இராத ஆ-வையும் ஈ-யையும் வைக்கிறார்கள். இரண்டுமே ஒரு ஜோடியில் தீனி கொடுத்தவை, இன்னொன்றில் கொடுக்காதவை, அதனால் பழக்கம் உதவாது, வரிசை மனதில் இருக்க வேண்டும். சாதாரண எலிகள் ஆ-வை எடுத்தன. பிளேஸ் செல்கள் இருக்கும், நினைவுக்கு முக்கியமான மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸின் இணைப்புகள் துண்டிக்கப்பட்ட எலிகள் ஜோடிகளை எல்லாம் கற்றும் இந்த இடத்தில் தடுமாறின. ஜோடியைக் கற்பது வேறு, அவற்றைக் கோத்து வரிசையாக்குவது வேறு என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் படித்ததில்லை.

இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது 2016இல் ஆக்ஸ்ஃபோர்டில் வந்த பறவை ஆய்வு. கழுத்தின் நீளம் ஒரு அச்சு, காலின் நீளம் இன்னொரு அச்சு. ஸ்கேனருக்குள் படுத்தபடி பறவையின் உருவம் மாறுவதை மனிதர்கள் பார்த்து, கற்பனையும் செய்தபோது, அந்த மாற்றத்தின் ‘திசை’யைப் பொறுத்து கிரிட் செல்கள் இருக்கும் மூளைப் பகுதியான எண்டோரைனல் கார்டெக்ஸில் 60 டிகிரிக்கு ஒரு முறை சிக்னல் ஏறி இறங்கியது. கிரிட் செல்லின் அறுகோண ஒழுங்கு அது, அதுவும் நடக்க இடமே இல்லாத ஒன்றில்! ஒன்றைக் கவனியுங்கள், ஸ்கேனில் தெரிவது தனித்தனி செல் அல்ல, ஆயிரக்கணக்கான செல்களின் மறைமுகத் தடயம்.

இரண்டாம் முறை படித்தபோது ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினேன், முடிவை மூடிவைத்து, அதில் வரும் மூளைப் பகுதி சிதைந்தால் எது போகும், எது தங்கும் என்று எழுதிவிட்டுத்தான் திறப்பேன். மெதுவாகத்தான் போகும், பரவாயில்லை. நீங்கள் ஹார்லோவின் 1949 குரங்குச் சோதனையிலிருந்து தொடங்குங்கள். நூற்றுக்கணக்கான புதிர்களுக்குப் பிறகு, முன்பின் பார்க்காத இரண்டு பொருள்களை வைத்தாலும் குரங்குகள் பெரும்பாலும் இரண்டாவது முயற்சியிலேயே சரியானதை எடுத்தன. அவை எதைக் கற்றுக்கொண்டன என்று, பொருள்களின் பெயரைச் சொல்லாமல், ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள்.