வால் எலும்புக்கு மேலே வரும் கட்டியைக் காலந்தாழ்த்தாமல் காட்டுங்கள்

இரு பிட்டங்களும் பிரியத் தொடங்கும் இடத்தில், வால் எலும்புக்குச் சற்று மேலாக ஒரு கட்டி வந்தால், நம்மவர்களில் பெரும்பாலோர் அதைச் சூட்டுக் கட்டி என்றோ மூலம் என்றோ தாமே முடிவுசெய்துகொண்டு, யாரிடமும் வாய் திறக்காமல் இருந்துவிடுகிறார்கள். அது பைலோனைடல் சிஸ்ட் எனப்படும் நோயாக இருக்கலாம். ஆசனவாயில் வருகின்ற மூலத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. பருவமடைந்த காலம் முதல் முப்பது வயது வரையுள்ள இளைஞர்களிடையே இது அதிகம் காணப்படுகிறது. பெண்களுக்கும் வரும், ஆனால் ஆண்களுக்கு வருவதைவிடக் குறைவு. உயிருக்கு ஆபத்தான நோயன்று என்றாலும், நேரத்தோடு காட்டியவருக்கும் நாளைக் கடத்தியவருக்கும் கிடைக்கும் சிகிச்சையில் பெரிய வேறுபாடு இருப்பதை நேரில் பார்த்ததால்தான் இதை எழுதுகிறேன்.

உதிர்ந்த முடி அந்தப் பிளவுக்குள் சேர்ந்து, உட்கார்ந்திருக்கும்போது உண்டாகும் அழுத்தத்தாலும் உராய்வாலும் தோலுக்குள் சிறிது சிறிதாகத் துளைத்துச் செல்கிறது. உள்ளே போன முடியை உடல் அந்நியப் பொருளாகக் கருதுவதால் அவ்விடம் அழன்று, பை போன்ற குழி உண்டாகி, கிருமி தொற்றியதும் சீழ் பிடிக்கிறது. அடர்ந்த முடி, உடற்பருமன், நீண்ட நேரம் உட்கார்ந்தே செய்யும் வேலை ஆகியவை இதற்கு வழிகோலுகின்றன. இரண்டாம் உலகப் போரின்போது 1941 முதல் 1945 வரையிலான காலத்தில் 77,000-இற்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினர் இந்நோய்க்காக வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டார்கள்; குலுங்கும் ஜீப்புகளில் நெடுந்தூரம் பயணித்தவர்கள் அவர்களில் பலர் என்பதால், 1944இல் ஒரு மருத்துவர் இதை ஜீப் நோய் என்றே எழுதினார். குன்றும் குழியுமான தோட்டப் பாதைகளில் நாள் முழுவதும் லொறியும் ஆட்டோவும் ஓட்டும் நம் பிள்ளைகளை நினைத்தால், அந்தப் பெயர் எனக்குப் பழங்கதையாகத் தோன்றவில்லை.

என் அக்காவின் மகன் இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து லொறி ஓட்டுகிறான். சில நாட்களாக அவன் ஆசனத்தில் சாக்கை மடித்துப் போட்டு ஒருபக்கமாகச் சாய்ந்தே உட்கார்ந்திருக்கிறான். வீட்டில் நின்றுகொண்டே சாப்பிட்டிருக்கிறான். பீலியில் துணி துவைக்கும்போது அவனுடைய சாரத்தில் கறையைக் கண்ட அக்கா, அவன் மழுப்பியதை நம்பாமல் என்னிடம் சொன்னார். நான் கேட்டபோது, "மாமா, அந்த இடத்த போயி டாக்டர்கிட்ட எப்புடி காட்டுறது?" என்றான். வலியைவிட அந்தக் கூச்சமே அவனை அதிகம் வாட்டியிருந்தது.

வைத்தியசாலைக்குப் போனதும், வெளிநோயாளர் பிரிவிலிருந்து அவனைச் சத்திரசிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே திரையை இழுத்து மூடி, அவனைக் குப்புறப் படுக்க வைத்து, வைத்தியர் பிளவை மெதுவாக விரித்துப் பார்த்தார். நடுக்கோட்டில் ஊசி குத்தியது போன்ற இரண்டு மூன்று துளைகள் இருந்தன. ஒன்றிலிருந்து முடி நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் சிவந்து வீங்கிய இடம் தொட்டால் சுட்டது. அவ்விடத்தை மட்டும் விறைக்கச் செய்யும் ஊசியைப் போட்டு, நடுக்கோட்டிலிருந்து சற்று விலக்கிக் கீறி, சீழையும் உள்ளே சுருண்டு கிடந்த முடியையும் எடுத்தார்கள். அன்று மாலையே வீடு திரும்பினான். அதன்பின் தோட்டத்து மருந்தகத்திலேயே தினமும் மருந்து கட்டிக்கொண்டான். இவ்வாறு வடித்ததோடு சிலருக்கு முற்றாக ஆறிவிடும். மீண்டும் வந்தால் அந்தத் துளைகளை அகற்றச் சிறு சத்திரசிகிச்சை தேவைப்படலாம் என்றும், அதற்காகக் கிளினிக்குக்கு ஒழுங்காக வர வேண்டும் என்றும் வைத்தியர் சொல்லி அனுப்பினார்.

எங்கள் ஊரில் இன்னொரு இளைஞர், கொழும்பில் கடை வேலை செய்தவர், வீங்கும்போதெல்லாம் பாமசியில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஆண்டுக்கணக்கில் இதை அடக்கி வைத்திருந்தார். உள்ளே தேங்கிய சீழை மாத்திரை மட்டும் வெளியேற்றாது. வீக்கம் வற்றியது போலத் தோன்றினாலும் தோலுக்கடியில் புரையோடி, பக்கவாட்டில் புதிய வாய்கள் திறக்கும். அவருக்கும் அப்படித்தான் ஆகி, அகலமாக வெட்டியெடுத்துப் புண்ணைத் தைக்காமல் திறந்தே விட வேண்டியதாயிற்று. அத்தகைய புண் அடியிலிருந்து மேல்நோக்கி ஆறி வருவதற்கு வாரங்கள், சிலவேளை மாதங்கள் ஆகும். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஒரே அறையில் குடும்பம் முழுவதும் இருக்கும்போது, குளிரில், பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, தம் கைக்கு எட்டாத அந்த இடத்துக்குத் தம்பியைக் கொண்டு மருந்து கட்டிக்கொள்வது என்ன பாடு என்பதை அவர் வீட்டுக்குப் போனபோதெல்லாம் பார்த்தேன். அந்தக் காலம் முழுவதும் சம்பளமும் இல்லை. கூச்சப்பட்டு மறைத்ததை இறுதியில் வீடே அறிய நேர்ந்தது.

புண்ணை நடுக்கோட்டிலிருந்து விலக்கித் தைத்து மூடும் முறைகளும் உண்டு. கிரேக்கப் படை மருத்துவரான கரிடாகிஸ் 1973இல் விளக்கிய முறை அவற்றுள் ஒன்று. நடுவில் தைப்பதைவிட இவை விரைவாக ஆறுகின்றன. நோய் திரும்பி வருவதும் குறைவு. ஆகவே, பெரிய சத்திரசிகிச்சை வேண்டுமென்று சொல்லப்பட்டால், எந்த முறையில் செய்யப்போகிறார்கள் என்று சத்திரசிகிச்சை நிபுணரிடம் தயங்காமல் கேளுங்கள்.

வலியோ கசிவோ இல்லாமல் சிறு துளை மட்டும் தெரிந்தால் பெரும்பாலும் வெட்டத் தேவையில்லை. அவ்விடத்து முடியை அகற்றிச் சுத்தமாக வைத்திருந்தால் போதும். அதற்காகக் காட்டாமல் இருக்கலாம் என்பதல்ல. வீங்கினால் பிதுக்க வேண்டாம். பற்றுப் போட்டுக்கொண்டு காத்திருக்கவும் வேண்டாம். காய்ச்சலோ, பரவிச் செல்லும் சிவப்போ இருந்தால், அல்லது நோயாளிக்கு நீரிழிவு இருந்தால், அன்றைக்கே போக வேண்டும். வைத்தியசாலையில் வெறுமனே இடுப்பு வலி என்று சொன்னால் வலி மாத்திரையோடு திருப்பி அனுப்பிவிடக்கூடும். "வால் எலும்புக்கு மேலே கட்டி இருக்கிறது, சீழ் வருகிறது, பார்க்க வேண்டும்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். அரசாங்க வைத்தியசாலையில் இதற்குக் கட்டணம் இல்லை. பெண் பிள்ளைகள், சோதிக்கும்போது தாதி ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளலாம். தாய்மாரும் அதை முன்கூட்டியே சொல்லிக்கொடுத்தால் அவர்களின் தயக்கம் பாதி குறையும்.

புண் ஆறிய பின்பும் கவனம் வேண்டும். முடியை இடைக்கிடை அகற்றுவதும், குளித்தபின் பிளவை நன்றாகத் துடைத்து உலர வைப்பதும், நீண்ட ஓட்டத்தில் நடுநடுவே வண்டியை நிறுத்தி இறங்கி நடப்பதும், புகைப்பதை விடுவதும் பயன் தரும். மருமகன் இப்போது பழையபடி லொறி ஓட்டுகிறான். கிளினிக் புத்தகத்தை அக்கா பத்திரமாக வைத்திருக்கிறார். மீண்டும் கறை தெரிந்தால் அதை எடுத்துக்கொண்டு அதே கிளினிக்குக்குப் போவதென்று இருவருமாகப் பேசி வைத்திருக்கிறார்கள்.