சாவி யாரிடம் இருந்தது

“சாவி அவனிடம்தான் இருந்தது சார்.” கன்வேயரை நிறுத்தும் சாவியைப் பையில் வைத்துக்கொண்டே மோட்டாரின் மின்பெட்டியைத் திறக்கப்போன இளைஞனைப் பற்றி மூத்த எலெக்ட்ரீஷியன் சொன்னது இவ்வளவுதான். விதிப்படி நடந்தவனைத் தண்டிக்காதீர்கள் என்றாரா, உங்கள் விதியின் லட்சணத்தைப் பாருங்கள் என்றாரா? எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

கன்வேயர் மோட்டார்களை இயக்கும் மின்னணுக் கருவிகளான டிரைவ்களுக்கு நான் எழுதிய பாதுகாப்பு நடைமுறையில் இரண்டு வழிகள் வைத்திருந்தேன். பொருள் சிக்கிக்கொண்டால் எஸ்டிஓ (மோட்டார் சுழலாதபடி தடுக்கும் பாதுகாப்புச் செயல்பாடு) சாவியைத் திருப்பி, உருவிப் பையில் போட்டுக்கொண்டு சிக்கலை நீக்கலாம். மின்பகுதி எதையேனும் திறப்பதென்றால் மின்சாரத்தையே துண்டிக்கும் ஐசொலேட்டர் சுவிட்சை அணைத்துப் பூட்டி, எச்சரிக்கை டேக் மாட்டி, காத்திருந்து, மீட்டரால் அளந்த பிறகே கை வைக்க வேண்டும்.

வரைவைப் படித்த அன்றே மூத்தவர் மறுத்தார். “எதற்கும் ஐசொலேட்டர் என்று ஒரே வழி வையுங்கள். இரண்டு கொடுத்தால் ஆள் சுருக்கமானதில்தான் போவான்.”

“நீளமானதை மட்டும் கொடுத்தால் எதிலுமே போகமாட்டான் அண்ணா” என்றேன். அறையில் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

என் பக்கத்தில் நியாயம் இருந்தது. டிரைவுக்கு வரும் மின்சாரத்தை அடிக்கடி துண்டித்து இணைத்தால், உள்ளே மின்னூட்டத்தைத் தேக்கும் கெபாசிட்டர்களை மெல்ல நிரப்பும் பிரீசார்ஜ் ரெசிஸ்டர் சூடேறிக் கருகிவிடும். 415 வோல்ட் டிரைவின் உள்ளே டிசி பக்கம் 560 வோல்ட்டுக்கு மேல் நிற்கிறது; திரை அணைந்த பிறகும் அது உடனே இறங்காது. மாதிரிக்கேற்ப 5 நிமிடம், 15 நிமிடம் காத்திருக்கச் சொல்கின்றன கையேடுகள். ஒரே ஷிஃப்டில் பலமுறை சிக்கும் லைனில், பேனலையே திறக்காத ஆபரேட்டரிடம் இதையெல்லாம் எதிர்பார்த்தால் அவர் ஓடுகிற பெல்ட்டுக்குள் கையை விடுவார். எஸ்டிஓ அதற்காகவே இருக்கிறது. ஐஇசி 61800-5-2 என்ற சர்வதேசத் தரநிலை வரையறுக்கும் செயல்பாடு அது. மோட்டாருக்கு முறுக்குவிசை தரும் துடிப்புகளை அது தடுத்துவிடும். எதிர்பாராமல் ஓடத் தொடங்காது.

ஆனால் மின்சாரத்தை அது துண்டிப்பதில்லை. டிரைவ் உள்ளே உயிரோடுதான் இருக்கும். மோட்டார் முனைகளிலும் ஆபத்தான மின்னழுத்தம் இருக்கலாம். நடைமுறையின் இரண்டாம் பக்கத்தில் தடித்த எழுத்தில் இதை எழுதியிருந்தேன். (தடித்த எழுத்தை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.)

அன்று சிக்கியதை எடுத்துவிட்டுச் சாவியைப் போட்டுப் பார்த்தும் பெல்ட் நகரவில்லை. மோட்டாரில்தான் கோளாறு என்று நினைத்த இளைஞன், சாவியை மறுபடி உருவிப் பையில் போட்டுக்கொண்டு, மோட்டாரில் மின்கம்பிகள் இணையும் டெர்மினல் பாக்ஸின் திருகுகளைக் கழற்றத் தொடங்கினான். மூடியைத் தூக்குமுன் மூத்தவர் பார்த்துச் சத்தம் போட்டார். ஒன்றும் ஆகவில்லை.

இதை மனத்தில் ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம் அவன் முதல் வழியில் ஒழுங்காக நுழைந்தது தெரிகிறது. வேலை நடுவில் மாறியது; இயந்திர வேலை மின்வேலையாயிற்று. எந்தத் திருகில் அது மாறியது? என் தாளில் அந்த எல்லை தெளிவாக இருந்தது. அவன் கையில் ஸ்பேனர் இருந்தது, தாள் இல்லை. ஒரே வழி என்றால் இந்தக் கேள்வியே எழாது என்பது மூத்தவரின் வாதம். அதை மறுக்க முடியவில்லை. ஏற்றுக்கொண்டால், நீளமான வழியைத் தாண்டிக் குதிப்பவர்களை என்ன செய்வது என்ற பழைய கேள்வி திரும்ப வருகிறது. குதித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவரும் பார்த்திருக்கிறார்.

அவரிடமே நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டால் மரியாதைக்காக ஒரு பதில் வரும் என்று தோன்றியது.

புதிய வரைவில் ஒவ்வொரு மோட்டாரின் அருகிலும் பூட்டக்கூடிய ஐசொலேட்டர் சேர்த்திருக்கிறேன். ஓட்டத்தின்போது அதை அணைத்தால் டிரைவ் பாதிக்கப்படாமலிருக்க, முதன்மைத் தொடர்புக்கு முன்பே விலகும் துணைத் தொடர்பு டிரைவை நிறுத்த வேண்டும். வயரிங் கூடுகிறது, செலவும் கூடுகிறது. மூத்தவர் படத்தைப் பார்த்துவிட்டு, “இப்போது மூன்று பூட்டா?” என்று கேட்டார். ஆம் என்றேன். அவருடைய ஒற்றை வழியையும் அடுத்த கூட்டத்தின் பட்டியலில் சேர்த்திருக்கிறேன். இந்த டிரைவ் மணிக்கு எத்தனை முறை அணைத்துப் போடுவதைத் தாங்கும் என்று உற்பத்தியாளருக்கு எழுதியாயிற்று. பதில் வந்தபின்தான் அவருடைய யோசனை இந்த லைனுக்குப் பொருந்துமா என்று பேச முடியும்.