பி.ஏ. அரசியல் அறிவியல், தமிழ் வழி: ஆறு செமஸ்டரில் எங்கே வழுக்கும்

அட்மிஷன் வரிசையில் நிற்கும்போதே யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "பொலிட்டிக்கல் சயின்ஸா? டெய்லி பேப்பர் படிச்சா போதும், பாஸ் ஆயிடலாம்." முதல் செமஸ்டர் ரிசல்ட் வரும்வரைதான் அந்தத் தைரியம். பேப்பர் படிப்பவருக்கு எந்தக் கட்சி யாரோடு கூட்டணி என்று தெரியும். கேள்வித்தாள் கேட்பதோ, அரசுக்கும் அரசாங்கத்துக்கும் என்ன வேறுபாடு என்று. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இந்தப் பட்டத்தைத் தமிழ் வழியில் முடித்தவர்கள் நாங்கள். சிலர் இப்போது பாடமும் எடுக்கிறோம். மார்க் போகும் இடங்களைத்தான் இங்கே அதிகம் எழுதியிருக்கிறோம். மார்க் தானாக வரும் இடங்களை நீங்களே கண்டுபிடித்துக்கொள்வீர்கள்.

சேர்க்கையைப் பற்றிச் சுருக்கமாக. அரசு கலைக் கல்லூரிகளுக்கு ஒரே ஆன்லைன் விண்ணப்பம். பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மார்க், பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கில மார்க் பார்ப்பார்கள். அரசியல் அறிவியலுக்கு இரண்டு மொழிப்பாடங்களையும் விட்டுவிட்டு, மற்ற நான்கு பாடங்களின் 400-க்கான மொத்தத்தில் தரவரிசை போடுவார்கள். பிளஸ் டூவில் சயின்ஸ் குரூப் படித்தவரும் வரலாம். எல்லாக் கல்லூரியிலும் இந்தத் துறை கிடையாது. சென்னை மாநிலக் கல்லூரி, கோவை அரசு கலைக் கல்லூரி போன்ற பழைய கல்லூரிகளில் உண்டு. பொது நிர்வாகம் என்பது தனிப் பட்டம். பெயரைப் பார்த்து இரண்டையும் குழப்பி டிக் அடிப்பவர்கள் வருடாவருடம் இருக்கிறார்கள். தமிழ் வழியா ஆங்கில வழியா என்பதையும் விண்ணப்பத்திலேயே கவனியுங்கள். அதன் விளைவு மூன்று வருடம் கழித்துத்தான் தெரியும், கடைசியில் சொல்கிறோம்.

பாடங்கள் ஐந்து பகுதிகளாக வரும். பார்ட் ஒன் தமிழ், பார்ட் டூ ஆங்கிலம், பார்ட் த்ரீயில் மேஜரும் (முதன்மைப் பாடம்) அல்லைடும் (துணைப் பாடம்). மற்ற இரண்டில் சுற்றுச்சூழல், விழுமியக் கல்வி, என்.எஸ்.எஸ். மாதிரியான சின்னச் சின்னப் பாடங்கள். பட்டம் கைக்கு வராமல் தொங்குபவர்களில் நிறையப் பேருக்கு அரியர் இருப்பது மேஜரில் அல்ல, பார்ட் டூ ஆங்கிலத்தில். மேஜர் பேப்பர் எல்லாம் கிளியர் செய்துவிட்டு, இரண்டாம் செமஸ்டர் ஆங்கிலத்தை நான்காவது முறையாக எழுதிக்கொண்டிருப்பது சாதாரணமாக நடக்கும் விஷயம். முதல் வருடம் மேஜருக்குக் கொடுக்கும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது ஆங்கிலத்துக்குக் கொடுங்கள்.

இனி மேஜர். முதல் பேப்பர் பெரும்பாலும் அரசியல் கோட்பாட்டு அறிமுகமாக இருக்கும். இந்த ஒரு பேப்பரில் சொற்களைச் சரியாகப் பிடித்துவிட்டால் மற்றவை பாதி வேலைதான். தமிழ் வழி மாணவருக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. கோட்பாட்டுப் பேப்பரில் வரும் சொற்களெல்லாம் நாம் வீட்டில் தினமும் புழங்குபவை. அதனால் தெரிந்த மாதிரியே இருக்கும்.

'அரசு' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மக்கள், நிலப்பரப்பு, அரசாங்கம், இறையாண்மை (யாருக்கும் கட்டுப்படாத உச்ச அதிகாரம்) என நான்கு கூறுகள் சேர்ந்தால்தான் அரசு. அரசாங்கம் அதில் ஒரு கூறுதான். தேர்தலுக்குத் தேர்தல் மாறும், அரசு அப்படியே நிற்கும். இந்தக் கணக்கில் தமிழ்நாட்டுக்கு மக்கள் உண்டு, நிலம் உண்டு, அரசாங்கம் உண்டு, இறையாண்மை இல்லை. ஆகவே கோட்பாட்டுப் பேப்பரில் தமிழ்நாடு ஓர் அரசு ஆகாது, மாநிலம். ஆனால் நாம் தினமும் சொல்வது 'தமிழ்நாடு அரசு'. அதோடு முடியவில்லை. அரசமைப்பின் 12-ஆம் உறுப்பு (ஆர்டிகிள்), அடிப்படை உரிமைகளுக்காக 'அரசு' என்பதற்குத் தனியாக ஒரு விளக்கம் கொடுக்கிறது. அதன்படி நாடாளுமன்றமும் அரசு, சட்டமன்றமும் அரசு, உங்கள் ஊர் பஞ்சாயத்தும் அரசு. ஒரே சொல், மூன்று இடத்தில் மூன்று பொருள். கேள்வி எந்தப் பேப்பரில் வந்தது என்று பார்த்துத்தான் பேனாவை எடுக்க வேண்டும்.

அடுத்தது 'அதிகாரம்'. ஆங்கிலத்தில் பவர் என்றும் அத்தாரிட்டி என்றும் இரண்டாகப் பிரிவதை நாம் ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். ரோட்டில் ஒரு ரவுடி பஸ்ஸை மறிக்கிறான், பஸ் நிற்கிறது. டிராஃபிக் போலீஸ் கை காட்டுகிறார், பஸ் நிற்கிறது. இரண்டு இடத்திலும் பஸ் நின்றது. முதலாவதில் இருப்பது பவர் மட்டும். இரண்டாவதில் அந்த ஆளுக்கு நிறுத்தும் உரிமை இருக்கிறது என்று நாம் ஏற்றுக்கொண்டிருக்கிறோம், அதுதான் அத்தாரிட்டி. தமிழ்ப் பாடநூல்கள் இதற்கு ஆளுக்கொரு சொல் போடும். எதைப் போட்டாலும் விடையின் முதல் வரியிலேயே 'இந்தப் பொருளில் பயன்படுத்துகிறேன்' என்று எழுதிவிட்டால் மார்க் போகாது. சிந்தனையாளர் ரூசோவிடம் வரும் 'பொது விருப்பம்' (பொது நன்மையை நோக்கியது), 'அனைவரின் விருப்பம்' (தனித்தனி நலன்களின் கூட்டு) என்பதும் இதே வகைதான். இரண்டும் ஒன்று என்று எழுதினால் ரூசோவே கையை விட்டுப் போய்விடுவார்.

மேலை அரசியல் சிந்தனை பேப்பரில் எல்லோரும் ஆசையாகப் படிப்பது சமூக ஒப்பந்தம், அதாவது மக்கள் ஒப்பந்தம் செய்துகொண்டதால் அரசு பிறந்தது என்ற கோட்பாடு. ஹாப்ஸ், லாக், ரூசோ மூவரையும் மூன்று பத்தியில் அடுத்தடுத்து எழுதுவதைவிட, இயற்கை நிலை (அரசு உருவாவதற்கு முந்தைய நிலை) எப்படி இருந்தது, ஒப்பந்தம் யாருக்கும் யாருக்கும், இறையாண்மை யாரிடம், எதிர்க்கும் உரிமை உண்டா என்று நான்கு கேள்வி வைத்து ஒப்பிட்டு எழுதுங்கள். நிறைய விடைத்தாளில் 'மக்களும் மன்னனும் ஒப்பந்தம் செய்தார்கள் என்றார் ஹாப்ஸ்' என்று இருக்கும். தவறு. ஹாப்ஸிடம் மக்கள் தங்களுக்குள்தான் ஒப்பந்தம் செய்கிறார்கள். இறையாளர் (இறையாண்மை உடைய ஆட்சியாளர்) அதில் ஒரு தரப்பே அல்ல. அதனால்தான் அவர் ஒப்பந்தத்தை மீறினார் என்று யாரும் குற்றம் சாட்ட முடிவதில்லை. இந்த ஒரு வரி புரிந்தால் மீதி தானாக வரும்.

இந்திய அரசியல் சிந்தனையில் கௌடில்யர் அர்த்தசாஸ்திரத்தில் சொன்ன அரசின் ஏழு அங்கங்கள் கட்டாயம் வரும். ஸ்வாமி, அமாத்யர், ஜனபதம், துர்க்கம், கோசம், தண்டம், மித்ரம். மனப்பாடம் செய்யப் படாதபாடு படுவார்கள். நமக்குப் பள்ளியிலேயே இதைக் கொடுத்துவிட்டார்கள்:

படைகுடி கூழ்அமைச்சு நட்புஅரண் ஆறும்
உடையான் அரசருள் ஏறு.

படை தண்டம், குடி ஜனபதம், கூழ் கோசம், அமைச்சு அமாத்யர், நட்பு மித்ரம், அரண் துர்க்கம். இந்த ஆறும் உடையவன் ஸ்வாமி. 381-ஆவது குறளை வைத்துக்கொண்டே ஏழையும் வரிசையாக எழுதிவிடலாம். யார் யாரிடமிருந்து எடுத்தார் என்ற ஆராய்ச்சி மட்டும் வேண்டாம். பத்து மார்க் விடைக்கு அது தேவையில்லை.

இந்திய அரசமைப்புப் பேப்பருக்கு கைடு மட்டும் வைத்துப் படிப்பவர்களுக்கு ஒரே ஒரு சோதனை. அரசமைப்பின் ஆங்கில மூலத்தை எடுத்து, சுதந்திரங்களைப் பட்டியலிடும் 19(1)-ஐப் பாருங்கள். ஏ, பி, சி, டி, இ என்று வந்து அடுத்தது ஜி. நடுவில் எஃப் எங்கே? அங்கே இருந்தது சொத்துரிமை. 1978-இல் 44-ஆவது திருத்தம் அதை எடுத்துவிட்டு, 300ஏ உறுப்பில் வெறும் சட்ட உரிமையாக வைத்தது. தொடக்கத்தில் ஏழு சுதந்திரங்கள், இப்போது ஆறு என்று கைடில் உருப்போடுவதைவிட, அந்த விடுபட்ட எழுத்தை ஒருமுறை கண்ணால் பார்த்தால் போதும், மறக்காது. மூலம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அடிப்படை உரிமைகள் உள்ள மூன்றாம் பகுதி (12 முதல் 35), அரசுக் கொள்கை நெறிகள் உள்ள நான்காம் பகுதி (36 முதல் 51), பிறகு 51ஏ (அடிப்படைக் கடமைகள்), 352 (நெருக்கடி நிலை), 356 (மாநிலத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சி), 368 (அரசமைப்புத் திருத்தம்). இவற்றையாவது மூலத்தில் படியுங்கள்.

வழக்குகளில் அதிகம் சறுக்குவது கேசவானந்த பாரதி. 'அடிப்படை உரிமைகளைத் திருத்த முடியாது என்று கேசவானந்த பாரதி வழக்கில் தீர்ப்பு' என்று எழுதிவிடுவார்கள். அது 1967-இன் கோலக்நாத். 1973-இல் 13 நீதிபதிகள் அமர்வு, 7-க்கு 6 என்ற கணக்கில் சொன்னது இதுதான்: எந்தப் பகுதியையும் திருத்தலாம், அடிப்படைக் கட்டமைப்பை மட்டும் சிதைக்கக் கூடாது. பத்து மார்க்குக்கு இதைத் தனியாக எழுதாமல் ஒரு சங்கிலியாக எழுத வேண்டும். 1951 சங்கரி பிரசாத்தில் திருத்தலாம் என்றது நீதிமன்றம், 1967-இல் கூடாது என்றது, 1971-இல் 24-ஆவது திருத்தத்தால் நாடாளுமன்றம் பதில் கொடுத்தது, 1973-இல் நடுவழி, 1976-இல் 42-ஆவது திருத்தம் மீண்டும் எல்லை மீறப் பார்த்தது, 1980 மினர்வா மில்ஸில் அதற்குக் கடிவாளம். இந்தச் சங்கிலியின் தொடக்கத்தில் சென்னை மாகாணம் இருப்பதையும் சேருங்கள். கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பிரித்த வகுப்புவாரி அரசாணையைச் செல்லாது என்ற 1951-இன் செண்பகம் துரைராஜன் தீர்ப்புக்குப் பிறகுதான் முதல் திருத்தமும், பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாட்டை அனுமதிக்கும் 15(4)-உம் வந்தன. திருத்துபவர் அதைத் தேடிப் படிப்பார்.

356-க்கும் நம் ஊர் உதாரணம் தயாராக இருக்கிறது: 1976, 1980, 1988, 1991. நான்கையும் எழுதிவிட்டு 1994-இன் எஸ்.ஆர். பொம்மை வழக்குத் தீர்ப்புக்குப் போங்கள். பெரும்பான்மையைச் சட்டமன்றத்தில்தான் சோதிக்க வேண்டும், குடியரசுத் தலைவரின் பிரகடனத்தையும் நீதிமன்றம் ஆராயலாம் என்ற இரண்டும் விடையில் இல்லையென்றால் அது பாதி விடை.

'மத்திய அரசா, ஒன்றிய அரசா' என்று கேட்பவர்களுக்கு: முதல் உறுப்பு சொல்வது 'மாநிலங்களின் ஒன்றியம்'. விடைத்தாளில் அதையே எழுதுங்கள், கட்சிச் சண்டையை வெளியே வைத்துக்கொள்ளலாம்.

ஒப்பீட்டு அரசாங்கம் பேப்பரில் எதிரி பழைய கைடுதான். சீனியர் கொடுத்தார் என்று வாங்கி வைத்துக்கொள்ளும் புத்தகத்தில் பிரான்ஸ் அதிபரின் பதவிக்காலம் ஏழு ஆண்டு என்று இருக்கும். 2000-ஆம் ஆண்டு பொதுவாக்கெடுப்பில் அது ஐந்தாகிவிட்டது. பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு மன்றம் பிரபுக்கள் சபை என்று இருக்கும். 2009 அக்டோபரிலிருந்து அங்கே தனி உச்ச நீதிமன்றம் இயங்குகிறது. இந்தியப் பேப்பரிலும் இதே கதை. மக்களவை 545 என்பது 543 ஆகிவிட்டது, ஏனென்றால் ஆங்கிலோ இந்தியர் நியமனம் 2020 ஜனவரியோடு முடிந்தது. திட்டக்குழு போய் நிதி ஆயோக் வந்தது 2015-இல். புதிய செய்திகளிலும் பாதியில் நின்றுவிடக் கூடாது. ஆளுநர் நிறுத்திவைத்த தமிழ்நாட்டு மசோதாக்கள் பற்றி, முடிவெடுக்கக் காலக்கெடு விதித்த 2025 ஏப்ரல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை மட்டும் எழுதிவிட்டு, அதே ஆண்டு நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு காலக்கெடு விதிக்க முடியாது என்று சொன்ன கருத்தை விட்டால், பழைய கைடு படித்தவரும் நீங்களும் ஒன்றுதான். புத்தகத்தின் பதிப்பு ஆண்டைப் பாருங்கள். 'மறுபதிப்பு' என்பது திருத்திய பதிப்பு அல்ல.

சர்வதேச உறவும் பொது நிர்வாகமும் ஒப்பீட்டளவில் சமர்த்துப் பேப்பர்கள். வெஸ்ட்ஃபேலியா உடன்படிக்கை 1648, ஐ.நா. பாதுகாப்பு அவையில் 15 உறுப்பினர், பஞ்சசீலம் 1954, அணிசேரா முதல் மாநாடு பெல்கிரேடு 1961. ஃபயோலின் 14 நிர்வாகக் கொள்கைகள், நிர்வாகப் பணிகளை முதலெழுத்துகளால் சுருக்கிய குலிக்கின் போஸ்ட்கார்ப் (POSDCORB). பட்டியல் வந்தால் மார்க் வரும். ஒவ்வொன்றுக்கும் கலெக்டர் ஆபீஸிலிருந்தோ ரேஷன் கடையிலிருந்தோ ஓர் உதாரணம் போட்டால் கூடுதல்.

தேர்வு மூன்று மணி நேரம். பல பல்கலைக்கழகங்களில் வெளித்தேர்வு 75, இன்டர்னல் 25. வழக்கமான வடிவம்: இரண்டு மார்க் பத்து, ஐந்து மார்க் ஐந்து, பத்து மார்க் மூன்று. இரண்டு மார்க் கேள்விகளில் ஆசைப்பட்டு அரைப் பக்கம் எழுதுவதால்தான் கடைசிப் பத்து மார்க் தொங்குகிறது. கணக்கு எளிது: இரண்டு மார்க் ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிடம், ஐந்து மார்க்குக்கு 12, பத்து மார்க்குக்கு 25. கூட்டினால் 165 நிமிடம். மீதி 15 நிமிடம் கேள்வி எண்ணைச் சரிபார்க்க. எண்ணை மாற்றிப் போட்டதால் போன மார்க்கை எந்த மறுமதிப்பீடும் எளிதில் மீட்டுத் தராது. மறுமதிப்பீடு கேட்பதானால் முதலில் விடைத்தாள் நகலை வாங்கிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். அவகாசம் சில நாட்கள்தான், கல்லூரி நோட்டீஸ் போர்டில் ஒட்டும் தாள் இரண்டு நாளில் கிழிந்துவிடும்.

இன்டர்னல் 25-இல் டெஸ்ட், அசைன்மென்ட், செமினார், வருகை என்ற பிரிப்பு கல்லூரிக்குக் கல்லூரி மாறும். அசைன்மென்டை இணையத்திலிருந்து அப்படியே இறக்கினால் பேராசிரியருக்கு இரண்டாம் வரியிலேயே தெரியும். ஆர்டிகிள் என்ற ஒன்றுக்கே 'சரத்து', 'பிரிவு', 'உறுப்பு' மூன்றும் ஒரே பக்கத்தில் மாறி மாறி வரும். வருகை 75 சதவீதம். பார்ட் டைம் வேலைக்குப் போகிறவர்கள் மாதக் கடைசியில் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். செமஸ்டர் முடிவில் அபராதம் கட்டித் தப்பிப்பதற்கும் ஓர் எல்லை உண்டு.

ஆறாம் செமஸ்டர் முடிந்ததும் எல்லோரும் டி.சி., மார்க் ஷீட் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். தமிழ் வழியில் படித்தவர்கள் இன்னொரு சான்றிதழையும் கையோடு வாங்க வேண்டும்: தமிழ் வழியில் பயின்றதற்கான சான்று, அதற்குரிய படிவத்தில், முதல்வர் கையொப்பத்தோடு. மாநில அரசுப் பணிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு பட்டம் மட்டும் தமிழ் வழியில் இருந்தால் போதாது, பள்ளிப் படிப்பும் தமிழ் வழியில் இருக்க வேண்டும். பள்ளியிலிருந்தும் தனியாகச் சான்று வாங்க வேண்டிவரும். படித்த பள்ளி மூடப்பட்டிருந்தாலோ வேறு பள்ளியோடு இணைக்கப்பட்டிருந்தாலோ அலைச்சல் அதிகம். டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்பு வந்த பிறகு ஓடாமல், ஆறாம் செமஸ்டர் ஹால் டிக்கெட் வாங்கும் வாரத்திலேயே அந்தப் படிவத்தை அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.