120 இல் ஒன்று

37 வயதில் இரண்டாவது பிள்ளை. கிளினிக்கில் மிட்வைஃப் என் வயதைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, 11 கிழமை முடிஞ்சு 14 கிழமைக்குள்ள ஒரு ஸ்கான் இருக்கு. ஏலுமெண்டால் செய்யுங்கோ, பிந்தினால் செய்யேலாது" என்றார். யாழ்ப்பாணத்திலேயே தனியார் இடமொன்றில் செய்தோம்.

குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால் வரும் டவுன் சின்ட்ரோம் என்ற பிறவி நிலைக்கு எவ்வளவு வாய்ப்பு என்று கணிக்கத்தான் அந்த ஸ்கான். பிள்ளையின் பிடரியில் தோலுக்கு அடியில் இருக்கும் நீரின் தடிப்பை அளப்பார்கள். பிள்ளை 45 முதல் 84 மில்லிமீற்றர் நீளம் இருக்கும்போதுதான் அந்த அளவு செல்லும். எங்கள் பிள்ளை ஒரு பக்கமாகவே சுருண்டு கிடந்தது. டொக்டர் இருமச் சொன்னார், சரிந்து படுக்கச் சொன்னார், பிறகு எழும்பி நடந்துவிட்டு வரச் சொன்னார். அப்புறம்தான் திரும்பியது. அதே கணிப்புக்காக, டபிள் மார்க்கர் என்ற பரிசோதனைக்கு அன்றே இரத்தமும் எடுத்தார்கள்.

ரிப்போர்ட்டைக் கவுண்டரில் ஒரு சொல்லும் சொல்லாமல் நீட்டினார்கள். டவுன் சின்ட்ரோம், 1:120, 'ஹை ரிஸ்க்'. ஓட்டோவில் இவர் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தார். எனக்குக் கை நடுங்கியது. விளங்கப்படுத்த ஆளில்லாமல் இப்படி ஒரு தாளை எந்தப் பிள்ளைத்தாய்ச்சியின் கையிலும் கொடுக்கக் கூடாது.

மகப்பேற்று டொக்டர்தான் இருத்திவைத்துச் சொன்னார்: "இதே ரிப்போர்ட்டோட 120 தாய்மார் வந்தால், 119 பேரின்ர பிள்ளைக்கு அந்தப் பிரச்சினை இருக்காது." அந்த ஆய்வுகூடம் 250 இல் ஒன்றை எல்லையாக வைத்திருந்ததால்தான் ஹை ரிஸ்க் என்று போட்டிருந்தது. வயது, ஸ்கான், இரத்தம் மூன்றையும் சேர்த்துப் போட்ட கணக்கே தவிர, பிள்ளைக்கு நோய் என்ற முடிவு அல்ல.

அடுத்து இரண்டு வழிகள். 15 கிழமைக்குப் பிறகு வயிற்றில் ஊசி ஏற்றிப் பனிக்குட நீரை எடுத்தால் உறுதியான பதில் கிடைக்கும். ஆனால் சிறிய அளவில் கருச்சிதைவு ஆபத்து உண்டு. மற்றது என்ஐபிடி. தாயின் இரத்தத்தில் கலந்திருக்கும் நச்சுக்கொடியின் டிஎன்ஏ துணுக்குகளைப் பார்ப்பது. செலவு கூட, ஆனால் பிள்ளைக்கு ஆபத்தில்லை. அதையே எடுத்தோம்.

பதிலுக்குக் காத்திருந்த நாட்களில் மாமி கேட்டார்: "அறிஞ்சு என்ன பிள்ளை செய்யப் போறீர்?" நியாயமான கேள்வி. தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே கருக்கலைப்பை அனுமதிக்கிறது நம் நாட்டுச் சட்டம். ஆனாலும் டவுன் சின்ட்ரோம் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இதயத்தில் கோளாறு இருக்கும். முன்கூட்டியே தெரிந்தால் எங்கே பெறுவது, பிறந்ததும் யார் பார்ப்பது என்று ஒழுங்கு செய்யலாம். எங்கள் மனதையும் தயார்ப்படுத்தலாம். மாமிக்கு அதைச் சொன்னேன். "அப்ப சரி" என்றார்.

என்ஐபிடியில் ரிஸ்க் குறைவு என்று வந்தது. இதுவும் உறுதிப்படுத்தும் பரிசோதனை அல்ல, உறுப்புகளைப் பார்க்க 18 முதல் 22 கிழமைக்குள் இன்னொரு ஸ்கான் கட்டாயம் வேண்டும் என்றார் டொக்டர். போன கிழமை அதுவும் முடிந்தது. இதயத்தின் நான்கு அறைகள், முள்ளந்தண்டு, சிறுநீரகம் எல்லாம் ஒழுங்கு. முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டிருந்ததால் உதட்டை மட்டும் பார்க்க முடியவில்லை. அதற்கு அடுத்த கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.