மாமி, மலை, குதிரைக்கறி

ஜூன் விடுமுறை என்றால் எங்கள் வீட்டில் இரண்டே ஊர்கள்தாம். கையில் காசிருந்தால் தென்காசி, இல்லாவிட்டால் ஜோகூர். இந்த முறை இரண்டும் இல்லை என்று நான் அறிவித்தேன். மகன் சிங்கப்பூரின் கட்டாய இராணுவப் பணியான தேசிய சேவையை முடித்துவிட்டான். ஆகஸ்ட்டில் பல்கலைக்கழகம் திறந்துவிடும். அதற்குப் பிறகு எங்களோடு வர அவனுக்கு நேரம் இருந்தாலும் மனம் இருக்காது. மலை பார்க்கவேண்டும் என்றேன். நிலப்பரப்பில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் மலையாகவே உள்ள நாடு ஒன்று இருக்கிறது, அதன் பெயர் கிர்கிஸ்தான் என்றேன்.

"அங்கே நம் ஆட்கள் யார் இருக்கிறார்கள்?" என்றார் மாமி.

யாரும் இல்லை. அதுதான் அந்த நாட்டின் தனிச்சிறப்பு என்று சொல்ல நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டு, "முஸ்லிம் நாடு மாமி" என்றேன். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. சாப்பாட்டுக் கவலை இல்லை, தொழுகைக்கு இடம் தேடும் கவலை இல்லை என்று மாமி அன்று மாலையே மின்தூக்கிக்குக் காத்திருந்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். எனக்குக் கவலை பிறந்தது அங்கேதான்.

முதலில் விசா. சிங்கப்பூர்க் கடப்பிதழ் உள்ள எங்கள் மூவருக்கும் குறுகிய காலப் பயணத்துக்குத் தேவையில்லை. மாமாவும் மாமியும் நிரந்தரவாசிகள், இந்தியக் கடப்பிதழ். அவர்களுக்கு இணையவழி விசா. மாமி தன் புகைப்படத்தில் வயதாகத் தெரிகிறது என்று வேறொன்று எடுக்கச் சொன்னதைத் தவிர அதில் சிக்கல் எதுவும் இல்லை.

அடுத்தது விமானம். எங்களுக்குக் கட்டுப்படியான டிக்கெட் ஒன்று இஸ்தான்புல் வழியாகப் போனது. உலகப்படத்தை விரித்து வைத்துப் பார்த்தால் யாருக்கும் வயிறு எரியும். போகவேண்டிய ஊரைத் தாண்டி மேற்கே வெகுதூரம் போய், அங்கிருந்து திரும்பவும் கிழக்கே பறந்து வரவேண்டும். என் கணவருக்கோ அதுதான் பிடித்திருந்தது. "போகிற வழியில் இஸ்தான்புல்லில் இரண்டு நாள் தங்கலாம்" என்றார். எது போகிற வழி என்று நான் கேட்கவில்லை. மொத்தப் பயணத்திலும் அவர் வாய்திறந்து கேட்டது இது ஒன்றுதான். அட்டவணையில் சேர்த்துக்கொண்டேன்.

பிறகு ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது, அந்த ஊர்க்காரர்கள் என்னதான் சாப்பிடுவார்கள் என்று மாமி கேட்டார். நான் படித்து வைத்ததை ஒப்பித்தேன். பெஷ்பர்மாக் என்று ஒரு விருந்துச் சாப்பாடு. மெல்லியதாகத் தேய்த்து நறுக்கிய மாவுப் பட்டைகளின் மேல் வேகவைத்த இறைச்சியைப் பரப்பி, பெரிய தட்டில் வைத்து, சுற்றி உட்கார்ந்து கையாலேயே சாப்பிடுவார்கள். "நம் சஹன் மாதிரி!" என்று மாமி பூரித்துப் போனார். என்ன இறைச்சி என்று கேட்டார். ஆடு, மாடு என்று உரக்கச் சொல்லி, மூன்றாவதைச் சற்றுத் தணிந்த குரலில் சொன்னேன். வாசல் மணி அடித்தால்கூட மாமாவுக்குக் காது கேட்காது. இது கேட்டுவிட்டது.

"குதிரையா?"

இங்கே ஒரு பின்னணியைச் சொல்லவேண்டும். நான் கீழக்கரைப் பெண், ஷாஃபி மத்ஹப், அதாவது ஷாஃபி சட்ட மரபு. இவர்கள் இமாம் அபூ ஹனீஃபாவின் வழிவந்த ஹனஃபி. நான் மருமகளாக வந்த நாள்முதல் மாமாவுக்கும் எனக்கும் இடையே நடக்கும் மார்க்க விவாதம் எல்லாம் நண்டைப் பற்றியதுதான். எனக்கு ஆகும், அவருக்கு ஆகாது. மிளகாய் நண்டுக்குப் பேர்போன ஊரில் நாற்பது ஆண்டுகளாக இருந்துகொண்டு அதைத் திரும்பிக்கூடப் பார்க்காத மனிதர். நண்டில் தொடங்கிய வழக்கு இப்போது குதிரையில் வந்து நின்றது.

"இமாம் அபூ ஹனீஃபா குதிரைக்கறியை மக்ரூஹ் என்று சொல்லியிருக்கிறார்" என்றார் மாமா, கையைக் கழுவிக்கொண்டே. மக்ரூஹ் என்றால் வெறுக்கத்தக்கது, தவிர்க்கவேண்டியது.

"எங்களுக்கு ஆகும் மாமா. அதுமட்டுமில்லை, அந்தக் கிர்கிஸ் மக்களும் உங்களைப்போல ஹனஃபிகள்தாம். அவர்கள் சாப்பிடுகிறார்களே!"

மாமா இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. அந்த இரண்டு நாளும் மார்க்க அறிஞரான ஆலிம்சாவுக்குத் தொலைபேசி போய்க்கொண்டிருந்தது என்று மாமி எனக்கு இரகசியமாகச் சொன்னார். மூன்றாம் நாள் பஜ்ருத் தொழுகை முடிந்த கையோடு வந்து தீர்ப்பு வழங்கினார். இமாமின் மாணவர்களான அபூ யூசுஃபும் முஹம்மதும் குதிரைக்கறி ஆகும் என்று சொல்லியிருக்கிறார்களாம். "அவர்கள் மாணவர்களைப் பின்பற்றுகிறார்கள். நான் ஆசிரியரைப் பின்பற்றுகிறேன். நீ உன் விருப்பப்படி சாப்பிடு." இவ்வளவு கண்ணியமான தோல்வியை நான் அதுவரை சந்தித்ததில்லை.

குமிஸ் விவகாரம் இதைவிடச் சீக்கிரம் முடிந்தது. பெண்குதிரையின் பாலைப் புளிக்கவைத்த பானம். லேசாக மதுத்தன்மையும் உண்டு என்றதும் மாமா, "வேண்டாம், தண்ணீர் குடிக்கலாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். ஆனால் மாமிக்குத்தான் தூக்கம் போய்விட்டது. "குதிரையைக் கறப்பார்களா? உதைக்காதா?" முதலில் குட்டியை ஊட்டவிட்டுப் பால் இறங்கியதும் கறப்பார்கள் என்று விளக்கினேன். "அப்படியென்றால் மாடு மாதிரிதான்" என்று நிம்மதியடைந்தார். கறப்பவர்களைப் பற்றி அவர் இவ்வளவு கவலைப்பட்டிருக்க வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம்.

மாமிக்கு மிகவும் பிடித்துப்போனது அங்குள்ள தேநீர் வழக்கம். விருந்தாளிக்குக் கிண்ணம் நிறைய ஊற்றமாட்டார்கள். கொஞ்சமாக ஊற்றினால், நீங்கள் இன்னும் நெடுநேரம் இருக்கவேண்டும், நாங்கள் மறுபடி மறுபடி ஊற்றவேண்டும் என்று பொருள். நிறைய ஊற்றிவிட்டால், குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று பொருள். மாமி இதை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை ஓர் உறவினர் வந்தபோது கிண்ணம் வழிய வழிய ஊற்றிக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். வந்தவர் மாமியின் தாராளத்தைப் புகழ்ந்தபடி இன்னொரு கிண்ணமும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

மாமாவை வசப்படுத்தியது காரக்கோல் நகரத்துப் பள்ளிவாசல். டுங்கான் என்னும் சீன முஸ்லிம்களுக்காக 1907 முதல் 1910 வரை கட்டியது; ஆணியே அடிக்காமல் மரத்தால் இழைத்து, சீனக் கோயில்போல வளைந்த கூரை போட்டது. படத்தைக் காட்டினேன். மாமா வேலையில் இருந்த காலமெல்லாம் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குத் தெலுக் ஆயர் தெருவில் உள்ள குச்சுப் பள்ளிவாசலுக்குத்தான் போவார். அதே தெருவில்தான் தியான் ஹோக் கெங் சீனக் கோயில். அதையும் ஆணியில்லாமல் கட்டினார்கள் என்பார்கள். "சீனக் கூரையும் பள்ளிவாசலும் ஒரே தெருவில் இருந்து பார்த்திருக்கிறேன். ஒரே கட்டடத்தில் பார்த்ததில்லை" என்றவர், தானே ஒரு குறிப்பேட்டை எடுத்து வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து என் அட்டவணை என் கையில் இல்லை. ஓஷ் நகரத்தின் நடுவே நிற்கும் சுலைமான் மலையும் வேண்டும் என்றார். நபி சுலைமான் பெயரில் உள்ள மலை. 2009 முதல் யுனெஸ்கோ மரபுடைமைப் பட்டியலில் இருக்கிறது. தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து மலைப்பாதையில் அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் என்று சொல்லிப் பார்த்தேன். "உள்நாட்டு விமானம் இருக்கிறதே" என்றார். அதையும் அவரே கண்டுபிடித்திருந்தார்.

என்னுடைய ஆசை ஒன்றே ஒன்று. சோங்கோல் ஏரிக்கரையில், மேய்ப்பர்களின் கம்பளிக் கூடாரத்தில் ஓரிரவு. ஏரி இருப்பது 3,016 மீட்டர் உயரத்தில். கோடையிலும் இரவில் குளிர் வாட்டும். கழிவறை கூடாரத்துக்கு வெளியே, இருட்டில் நடந்து போகவேண்டும். "தண்ணீர் இருக்குமா?" என்று மாமி கேட்டார், கேட்டுக்கொண்டே பிளாஸ்டிக் குவளை ஒன்றைப் பெட்டிக்குள் வைத்தார். மின்சாரச் சோற்றுப்பானையும் உள்ளே போனது. அதைச் செருக அங்கே இடம் இருக்காது, அடுப்பில் காய்ந்த சாணத்தை எரித்துத்தான் குளிர்காய்வார்கள் என்றேன். முகம் சுளிப்பார் என்று எதிர்பார்த்தேன். "வறட்டியா? அதை முதலிலேயே சொல்லக்கூடாதா?" என்று பானையை வெளியே எடுத்துவிட்டு அலுமினியச் சட்டியை வைத்தார். ஊரில் அவர் வறட்டி தட்டிய சுவர், ஈரச் சாணத்தில் கலக்கவேண்டிய வைக்கோல், புகையாமல் பற்றவைக்கும் பக்குவம் என்று ஒரு மணிநேரம் பேசினார். மகன் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான்; தேசிய சேவையில் அவனுக்கு இதையெல்லாம் யாரும் கற்றுத்தரவில்லை.

ஏற்றம்தான் பாக்கி. பலதுறை மருந்தக மருத்துவர் மாமாவையும் மாமியையும் சோதித்துவிட்டு, ஒரே மூச்சில் ஏறாதீர்கள், இடையில் தங்கித் தங்கிப் போங்கள் என்றார். ஆகவே 1,607 மீட்டர் உயரத்தில் உள்ள இசிக்குல் ஏரிக்கரையில் முதலில் சில நாள் என்று மாற்றி எழுதினேன். உடம்பைப் பழக்கிக்கொள்ள நம் ஊரில் இருப்பதிலேயே உயரமான மலை புக்கிட் தீமா. பதினெட்டு புக்கிட் தீமாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் சோங்கோலை எட்டமுடியாது. ஆனாலும் போனோம்.

மகன் இராணுவ முதுகுப்பையை மாட்டிக்கொண்டு ஓட்டமாகக் கிளம்பினான். என் கணவர் அலுவலக அழைப்பு ஒன்றைப் பேசிக்கொண்டே பின்னால் வந்தார். மாமா வருகையாளர் நிலையத்திலேயே உட்கார்ந்து அங்கே இருந்த தகவல் பலகை ஒவ்வொன்றையும் வாசிக்கப் போவதாகச் சொல்லிவிட்டார். பாதி வழியில் மகன் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தான். நான் அவனுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, ரப்பர்ச் செருப்பும் சேலை முந்தானையை இடுப்பில் செருகிய கோலமுமாக மாமி எங்களைக் கடந்து போனார். நாங்கள் உச்சிக்குப் போனபோது அவர் 163.63 மீட்டர் என்று எழுதியிருக்கும் பாறையின் பக்கத்தில் நின்று, முன்பின் தெரியாத ஒரு சீன மூதாட்டியுடன் முறுக்கைப் பகிர்ந்து தின்றுகொண்டிருந்தார்.

"இவ்வளவுதானா?" என்றார். "அந்தக் கூடாரத்தில் ஓரிரவு போதாது. இரண்டு இரவாகப் போட்டுவிடு."

இரண்டு இரவு போடவேண்டுமானால் வேறு எங்கேயாவது குறைக்கவேண்டும். காரக்கோலை மாமா விடமாட்டார். ஓஷ் விமானத்துக்குப் பணம் கட்டியாகிவிட்டது. இசிக்குல் மருத்துவர் சொன்னது. மிஞ்சியது இஸ்தான்புல் ஒன்றுதான். அங்கே இப்போது விமானம் மாறுவதற்கான நாலு மணிநேரம் மட்டுமே இருக்கிறது. அதை அட்டவணையில் பார்த்த என் கணவர் ஒன்றும் சொல்லவில்லை. இரவு தேநீர் கேட்டார். கிண்ணம் நிறைய ஊற்றிக் கொடுத்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, பாதியை என் கிண்ணத்தில் ஊற்றினார்.