"நல்லாத்தான் இருக்கு தம்பி" என்றால் என்ன அர்த்தம்?

செட்டிநாட்டில் எந்த ஊரிலும் வாசலில் நின்று, "ஆச்சி, அரசாங்கம் கொடுத்த வீல்சேர் நல்லாருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். "நல்லாத்தான் இருக்கு தம்பி, காப்பி சாப்பிடுறீங்களா?" என்று பதில் வரும். வீடு தேடி வந்தவரிடம் குறை சொல்லும் வழக்கம் இந்தப் பக்கம் இல்லை. கூடவே ஒரு பயமும் உண்டு. ஏதாவது சொல்லப்போய், மாதாமாதம் வரும் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை நின்றுவிட்டால்? மாற்றுத்திறனாளிகளுக்குத் தரும் உதவிகள் உண்மையில் பயன்படுகின்றனவா என்று பார்க்கப் போய், இந்த மரியாதையையும் பயத்தையும் தாண்டாத எந்தக் கணக்கெடுப்பும் "பயனாளிகள் திருப்தி" என்றுதான் முடியும்.

கேள்வியை மாற்றிப் போட வேண்டும். "கடைசியா இதுல எப்ப உட்கார்ந்தீங்க? எதுவரைக்கும் போனீங்க?" பிறகு வண்டியைப் பார்க்க வேண்டும். இதைக் கேட்பவரும் பார்ப்பவரும் வீல்சேரில் வாழ்பவராக இருந்தால் வேலை பாதியாகக் குறையும். அவர் முதலில் முன்சக்கரத்தைக் கையால் சுழற்றுவார். முடியும் நூலும் சுற்றி இறுகியிருந்தால் வண்டி வீட்டுக்குள்ளேயே ஓடுகிறது. பின் டயரின் வரிகள் தேயாமல் புதிதாக இருந்தால் அது வெளியே போனதே இல்லை. அடுத்து பிரேக்கைப் போட்டுத் தள்ளிப் பார்ப்பார். பிரேக் பிடிக்காவிட்டால் பல நேரம் பழுது பிரேக்கில் இருக்காது. அந்தக் கட்டை டயரை அழுத்தித்தான் வண்டியை நிறுத்துகிறது, காற்று குறைந்தால் அழுத்தம் கிடைக்காது. இடுப்புக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே இரண்டு பக்கமும் சுமார் இரண்டரை செ.மீ. இடம் போதும். அதற்கு மேல் தொளதொளவென்று இருந்தால் உட்கார்பவர் ஒரு பக்கமாகச் சரிவார், நாளடைவில் புண் வரும். கால்மிதி தரையிலிருந்து ஐந்து செ.மீ.க்குக் கீழே தொங்கினால், நம் சரளைப் பாதையில் முதல் கல்லிலேயே தட்டும். ட்யூப் பஞ்சரைச் சைக்கிள் கடையில் ஒட்டிவிடலாம். முன்சக்கரம் உடைந்தால் யாரிடம் போவது என்பதைக் கணக்கெடுப்புப் படிவத்தில் தனிக் கேள்வியாகவே வையுங்கள்.

காது மிஷினிலும் இதே கதைதான். "கொடுக்கப்பட்டதா? ஆம்" என்பதோடு படிவம் நின்றுவிடும். பேட்டரி எந்த எண், 13-ஆ 675-ஆ? எங்கே வாங்குகிறீர்கள்? எத்தனை நாள் வருகிறது? ஸ்டிக்கரை உரித்த நிமிடத்திலிருந்து அந்த பேட்டரி காற்றில் இயங்கத் தொடங்கும், மிஷினை அணைத்து வைத்தாலும் தீரும். இதை யாரும் சொல்லித்தராததால் ஒரு அட்டையில் இருந்த எல்லா பேட்டரியையும் ஒரே நாளில் உரித்து வைத்தவர்கள் இருக்கிறார்கள். வளரும் குழந்தையின் காதச்சை, அதாவது காதின் அளவுக்கு எடுத்து மிஷினோடு மாட்டும் அச்சை, சில மாதங்களுக்கு ஒருமுறை புதிதாக எடுக்க வேண்டும். பழைய அச்சு லூசாகிக் கீச்சென்று கத்தும், பிறகு மிஷின் பீரோவுக்குள் போய்விடும்.

சாய்தளத்துக்கு வருவோம். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது விதி. 45 செ.மீ. படிக்கு 5.4 மீட்டர் நீளம் வேண்டும். இங்கே பழைய வீடுகளின் மேடை ரொம்ப உயரமானது. அப்படி ஒரு கட்டடத்தில் வாடகைக்கு இயங்கும் அலுவலகத்துக்கு 90 செ.மீ. ஏற வேண்டுமானால் 10.8 மீட்டர், நடுவில் நின்று மூச்சு வாங்க ஒன்றரை மீட்டர் தளம், ஆக 12.3 மீட்டர். தெருவில் அதற்கு இடம் இருக்காது. அதனால் மூன்று மீட்டரில் ஒரு சிமெண்ட் சறுக்குமரம் கட்டி "சாய்தளம்: உள்ளது" என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு மீட்டர் பலகையைச் சரிவில் வைத்து, அதன்மேல் போனை வைத்து, சாய்வு காட்டும் ஆப்பைத் திறங்கள். 4.8 டிகிரிக்கு மேல் போனால் விதி மீறல். பிறகு யாரும் தள்ளாமல் ஒருவர் ஏறிப் பார்க்கட்டும். ஏறி முடித்த இடத்தில் நிலைப்படி ஒரு சாண் நிற்கும், அதையும் அளந்து எழுதுங்கள்.

இனி, இதையெல்லாம் கேட்டுப் பார்த்து அளக்கும் குழு. ஐந்தாறு பேர் போதும். வீல்சேர் பயன்படுத்துபவர், பார்வையற்றவர், காது கேளாதவர், அறிவுசார் குறைபாடு உள்ளவர், தொழுநோயிலிருந்து குணமானவர், இவர்களில் பாதிப் பேராவது பெண்கள். மாற்றுத்திறனாளிகள் சங்கத் தலைவரை மட்டும் கூப்பிட்டு முடிப்பது சுலபம், ஆனால் அவர் குரல் ஏற்கெனவே கலெக்டர் ஆபீஸ் வரை கேட்கிறது. எதை அளப்பது என்று முடிவெடுக்கும் முதல் நாளே இவர்கள் உட்கார வேண்டும். படிவம் அச்சானபிறகு கூப்பிட்டால் அது பங்கேற்பு ஆகாது. வெளி நிபுணருக்கு ஒரு நாளுக்குத் தரும் மதிப்பூதியமே இவர்களுக்கும், ஆட்டோ செலவு தனி, துணையாளுக்குத் தனி.

படிவத்தைப் பார்வையற்றவருக்கு அனுப்பும்போது பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அனுப்பாதீர்கள். திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் மென்பொருளான திரை வாசிப்பான் அதைப் பொருளற்ற எழுத்துகளாகத்தான் படிக்கும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் வெறும் படம், அதைப் பெரும்பாலும் படிக்கவே முடியாது. யூனிகோடில் அனுப்புங்கள். காது கேளாதவருக்கு அண்ணனையோ அம்மாவையோ மொழிபெயர்க்க வைத்தால், பதில் அண்ணனுடையதாகவும் அம்மாவுடையதாகவும்தான் இருக்கும். ஊரில் வளர்ந்த பலருக்கு இந்தியச் சைகைமொழி தெரியாது, வீட்டுச் சைகைதான் தெரியும். அவர்களுக்கு அலுவலகம், பஸ், மிஷின் ஆகியவற்றின் போட்டோக்களை வைத்துக் கேளுங்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவரிடம் இரண்டு படம் காட்டிக் கேட்டால், கடைசியில் காட்டியதையே தொடக்கூடும். கொஞ்ச நேரம் கழித்து வரிசையை மாற்றி இன்னொரு முறை கேளுங்கள்.

கூடும் இடம் திண்ணை வேண்டாம். எல்லாரும் மேலே உட்கார, ஒருவர் மட்டும் தெருவில் வீல்சேரில் இருப்பார். பள்ளி வராந்தாவோ ஊரணிக்கரை மரத்தடியோ நல்லது. அந்த இடத்துக்கு எல்லாச் சாதியாரும் வருவார்களா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள், படிக்கட்டு மட்டும் தடையல்ல. சேவை தரும் ஊழியர் பக்கத்தில் இருக்கக் கூடாது. பெயரை எழுதாவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். "போலியோ, தையல் கடை" என்று எழுதினால் ஊருக்கே ஆள் தெரியும். ஐந்து பேருக்குக் குறைவான எண்ணிக்கையை ஊர்வாரியாக வெளியிடாமல், பக்கத்து ஊர்களோடு சேர்த்துக் காட்டுங்கள்.

இங்கே மட்டும் உள்ள ஒரு சிக்கல்: செட்டிநாடு சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டத்தில் கிடக்கிறது. ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும் சிவகங்கை மாவட்டத்துக் காரைக்குடிக்கு வருபவரின் மனு புதுக்கோட்டைக்குப் போக வேண்டியிருக்கும். ஒரு மாவட்டப் பட்டியலை மட்டும் வைத்து ஆள் தேர்ந்தால் எல்லையோர ஊர்கள் விடுபடும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையே வாங்காதவர் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவர்களைக் கண்டுபிடிக்க அங்கன்வாடி ஊழியர், கிராம சுகாதார செவிலியர், ரேஷன் கடைக்காரர் மூவரையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

சட்டம் நம் பக்கம்தான். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 48-ஆம் பிரிவு சமூகத் தணிக்கையை, அதாவது திட்டங்களை மக்களோடு சேர்ந்து சரிபார்ப்பதைச் சொல்கிறது. உள்ளாட்சிகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கத் தமிழ்நாடு 2025-இல் சட்டம் திருத்தியது. கண்டதையெல்லாம் ஒரே தாளில் மூன்று கட்டமாக எழுதுங்கள்: என்ன குறை, யார் சரிசெய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள். கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. தேதிகளை இவற்றோடு பொருத்திவிட்டு, கூட்டத்தில் நியமன உறுப்பினரையே அந்தத் தாளை வாசிக்கச் சொல்லுங்கள். அடுத்த சபைக்கு வரும்போது போனும் பலகையும் கொண்டு வாருங்கள், "சரிசெய்யப்பட்டது" என்ற சாய்தளத்தை மறுபடி அளக்க.